800 மதிப்பெண் யாருக்குப் போகும்?

மும்பையில் பள்ளி திறப்பதும் மழை பிடித்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஜூன் நடுவில். கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட் பக்கமும் தண்ணீர் தேங்கிவிட்டால் மாட்டுங்கா பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானம் கிடையாது. டிபன் டப்பாவை மூடிய கையோடு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து நான்கு துண்டாக்குவோம். ஒன்றில் ராஜா, ஒன்றில் மந்திரி, ஒன்றில் சோர் (திருடன்), ஒன்றில் சிபாய் (சிப்பாய்). மடித்துக் குலுக்கி பெஞ்சின் மேல் போட்டால் நான்கு கைகள் பாயும். திருடனும் சிப்பாயும் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "மேரா மந்த்ரி கோன்?" (என் மந்திரி யார்?) என்று ராஜா அதட்டுவான். மந்திரி சீட்டைக் காட்டி எழுந்து, மீதி இருவரில் திருடன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான்கு பேர் பெயரையும் எழுதி, கோடு போட்டு, மதிப்பெண் குறித்து, மணி அடிப்பதற்குள் பத்துச் சுற்றாவது முடித்துவிடுவோம்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதே ஆட்டம் ராஜா ராணி திருடன் போலீஸ். வங்காளத்துப் பிள்ளைகள் பாபு, போலீஸ், டாக்காத், சோர் என்று சீட்டு எழுதுவார்கள். வகுப்பறைக்குள் சத்தமில்லாமல் ஆட முடிவதும், காகிதமும் பேனாவும் தவிர வேறெதுவும் தேவைப்படாததும் இந்த ஆட்டம் இவ்வளவு பரவியதற்குப் போதுமான காரணங்கள்.

இப்போது நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் நான்கு பழைய வகுப்புத் தோழர்களிடம் விதிகளைக் கேட்டுப் பாருங்கள். ராஜாவுக்கு 1000 என்பதில் எல்லோரும் சேர்ந்துவிடுவார்கள். மந்திரிக்கு 800 என்று ஒருவர் சொன்னால், 900 என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். சிப்பாய்க்கு 500. திருடனுக்குப் பூஜ்யம். கண்டுபிடிக்க வேண்டியவர் மந்திரி என்பார் ஒருவர். மந்திரி பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார், தேடுவது சிப்பாயின் வேலை என்பார் மற்றொருவர். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியில்தான் பெரிய சண்டை. மந்திரிக்குப் பூஜ்யம் விழும், அது சரி. அவர் இழந்த 800 திருடனுக்குப் போகுமா, யாருக்கும் இல்லாமல் போகுமா?

நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான முறை ஆடியவர்கள். அப்படியிருந்தும் சில விதிகள் எல்லோர் மனத்திலும் ஒன்றாக நிற்கின்றன, சில ஆளுக்கு ஆள் மாறுகின்றன. எது நிற்கும், எது நழுவும் என்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால், நழுவிய விதிகளில் சிலவற்றை மீட்டெடுக்கவும் வழி கிடைக்கும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

மாட்டுங்காவுக்கு 1932 முக்கியமான ஆண்டு. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக்குக்குப் பிறகு அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளில் மாட்டுங்காவும் ஒன்று. ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் வேலை தேடி வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி பள்ளி தொடங்கியது 1932-இல். அதே ஆண்டில் ஐரோப்பாவில் வெளியான இரண்டு புத்தகங்கள், ராஜா மந்திரி ஆட்டத்தின் பெயரே தெரியாத இருவர் எழுதியவை, இந்த ஆட்டத்தின் ஞாபகத்தைப் புரிந்துகொள்ள இன்றும் மிகச் சிறந்த துணையாக இருக்கின்றன. ஒன்று, கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃப்ரெடெரிக் பார்ட்லெட் நினைவுகூர்தல் பற்றி எழுதியது. மற்றது, ஜெனீவாவில் இருந்த ழான் பியாஜே குழந்தைகளின் அற உணர்வு பற்றி எழுதியது.

பார்ட்லெட்டுக்கு முன்னால் நினைவாற்றல் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ். அவர் பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே அளந்தவர். 1885-இல் வெளியிட்ட அந்த அளவீட்டில் ஒரு நாளுக்குள் பெரும்பகுதி போய்விடுகிறது. பார்ட்லெட்டுக்கு இந்த வழி போதவில்லை. மனிதர்கள் அன்றாடம் நினைவில் வைப்பது பொருளுள்ள விஷயங்களை ஆயிற்றே என்பது அவருடைய வாதம். அதனால் வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஒரு கதையைப் படிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்தும், நாட்கள் கழித்தும், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் திரும்பச் சொல்லவைத்தார். கதை சுருங்கியது. அதைவிட முக்கியமாக, அது உருமாறியது. பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. படித்தவருக்கு விளங்காத ஆவிகள் கதையிலிருந்து மெல்ல வெளியேறின. ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான உலகத்தின் சட்டகத்துக்குள் கதையைத் திரும்பக் கட்டினார்கள். நினைவுகூர்வது என்பது மறுபடி கட்டுவது என்று பார்ட்லெட் முடிவு செய்தார். கட்டும்போது இடைவெளிகளை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. எது நிரப்பியது, எது பழையது என்று கட்டியவருக்கே தெரிவதில்லை.

நம் நான்கு தோழர்களுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ராஜா, மந்திரி, சிப்பாய், திருடன் என்ற வரிசை ஒரு சமூகப் படிநிலை. மேலிருந்து கீழ் வரை அர்த்தம் உண்டு. ராஜாவுக்கு ஆயிரம், திருடனுக்குச் சுழியம் என்ற இரண்டு முனைகளும் அந்த அர்த்தத்தோடு ஒட்டிக்கொண்டவை. அதனால் நழுவவில்லை. நடுவில் உள்ள எண்ணுக்கு அப்படிப்பட்ட பிடிமானம் கிடையாது. மந்திரிக்கு ராஜாவைவிடக் குறைவு, சிப்பாயைவிட அதிகம். 800-ம் பொருந்தும், 900-ம் பொருந்தும். சட்டகம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆகவே மனம் இரண்டில் ஒன்றை வைத்து நிரப்பிவிட்டு, அதையே சிறுவயது முதல் அறிந்ததாக உறுதி சொல்கிறது.

யார் தேடுவது, மந்திரியா சிப்பாயா என்ற வேறுபாடும் இதே வகை. இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் வடிவத்தில் ராஜாவும் மந்திரியும் வெளிப்படுகிறார்கள். சிப்பாயும் திருடனும் மறைந்திருக்கிறார்கள். இரண்டாவதில் ராஜாவும் சிப்பாயும் வெளிப்படுகிறார்கள். மந்திரியும் திருடனும் மறைந்திருக்கிறார்கள். எலும்புக்கூடு ஒன்றுதான்: இருவர் வெளியே, இருவர் மறைவில், ஒருவர் ஊகிக்க வேண்டும். அந்த எலும்புக்கூட்டை யாரும் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், இது ஞாபகப் பிழையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள். குழந்தை விளையாட்டுகளுக்குத் தெருவுக்கு ஒரு வடிவம் உண்டு.

ஆனால் 800 யாருக்குப் போகும் என்ற கேள்வியை ஞாபகத்தை நம்பாமலே தீர்க்கலாம். ஆட்டத்துக்குள்ளேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

ஒரு சுற்றின் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். மந்திரி சரியாகச் சொல்லிவிட்டால் 1000, 800, 500, 0. மொத்தம் 2300. தவறிவிட்டால், 800 திருடனுக்குப் போகும் என்று வைத்துக்கொண்டால் 1000, 0, 500, 800. மறுபடியும் 2300. யார் வென்றாலும் தோற்றாலும் சுற்றுக்கு 2300. பத்துச் சுற்று ஆடினால் நான்கு பேரின் கூட்டுத்தொகை 23,000-ஆக இருந்தே தீர வேண்டும். கணக்கு எழுதுபவர் எங்காவது ஒரு சுழியத்தை விட்டுவிட்டால் அந்த மொத்தம் உடனே காட்டிக்கொடுக்கும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. முதல் பதினொன்றிலிருந்து ஒரு சூத்திரப்படி கணக்கிட்டு வைத்த சரிபார்ப்பு இலக்கம் அது. நடுவில் ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினால் கணினி ஏற்காது. கூட்டல் தெரிந்த பத்து வயதுப் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதே கருத்தைப் பயன்படுத்தி, "ஏய், மொத்தம் இடிக்குது" என்று கண்டுபிடித்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

மாறாக, மந்திரி இழந்தது யாருக்கும் போகாது என்று வைத்தால் சில சுற்றில் 2300, சில சுற்றில் 1500. சரிபார்க்கும் வசதி போய்விடுகிறது. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பிடிபட்டாலும் தப்பினாலும் திருடனுக்குப் பூஜ்யம்தான் என்றால் அவன் ஏன் முகத்தை மறைக்க வேண்டும்? ஒளிவதில் லாபமே இல்லை. ஊகிக்கும் ஆட்டத்தின் உயிர் அந்த ஒளிதலில் இருக்கிறது. ஆகவே 800 திருடனுக்குப் போகும் என்ற விதி இருந்தால்தான் இது ஆட்டமாக நிற்கும். அப்படிச் சொல்லும் தோழரின் பக்கம்தான் நான்.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. தேடுபவர் சிப்பாய் என்ற வடிவத்தில் தவறினால் 500 கைமாறும். அங்கும் மொத்தம் 2300 தான். இரண்டு வடிவங்களுமே உள்ளுக்குள் முரணில்லாதவை. அப்படியானால் அவை ஒரே விதியின் நல்ல ஞாபகமும் கெட்ட ஞாபகமும் என்பதைவிட, இரண்டு உண்மையான உள்ளூர் வடிவங்கள் என்று கொள்வதே நியாயம்.

சீட்டு எடுப்பதில் முந்துவது யார் என்பதும் தினம் நடக்கும் சண்டை. முதலில் எடுப்பவனுக்கே ராஜா கிடைக்க வாய்ப்பு அதிகம் என்ற நம்பிக்கை எல்லா வகுப்பிலும் இருக்கும். கணக்கு வேறு சொல்கிறது. முதலில் எடுப்பவருக்கு வாய்ப்பு 4-இல் 1. இரண்டாவது எடுப்பவருக்கு ராஜா கிடைக்க வேண்டுமானால், முதலாமவருக்குக் கிடைத்திருக்கக் கூடாது. அதற்கு வாய்ப்பு 4-இல் 3. மீதி மூன்று சீட்டில் ஒன்று, அதாவது 3-இல் 1. இரண்டையும் பெருக்கினால் மறுபடி 4-இல் 1. மூன்றாமவருக்கும் கடைசியாக எடுப்பவருக்கும் இதே விடைதான் வரும். முந்துவதால் கிடைக்கும் ஒரே லாபம், பேனா அழுத்தி எழுதிய சீட்டைப் பின்பக்கத் தடம் பார்த்து அடையாளம் கண்டு எடுக்கும் சந்தர்ப்பம். அதனால்தான் எழுதியவன் கடைசியில் எடுக்க வேண்டும் என்று பல வகுப்புகளில் தனி விதியே இருந்தது. இதே கவலை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூரிலும் இருந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து, ஏறத்தாழ 920-ஐச் சேர்ந்த கல்வெட்டுகள் ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்ததை விவரிக்கின்றன. 30 குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்குவார்கள். எடுப்பதற்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை அழைப்பார்கள். சீட்டில் தகவல் கசியக் கூடாது என்ற அதே எச்சரிக்கை.

குலுக்கல் நியாயமாகவே நடந்தாலும் அதன் விளைவு நியாயமாகத் தோன்றாது. பன்னிரண்டு சுற்று ஆடும்போது ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு ஒரு முறைகூட ராஜா விழாமல் போக வாய்ப்பு சுமார் 3 விழுக்காடு. சிறியதுதான். ஆனால் நால்வரில் யாராவது ஒருவருக்கு அப்படி நேர வாய்ப்பு 12.5 விழுக்காட்டை ஒட்டி வரும். எட்டு மதிய இடைவேளைகளில் ஒன்றிலாவது யாரோ ஒரு பிள்ளை ராஜாவாகாமலே வகுப்புக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்கலாம். "எனக்கு ராஜாவே வந்ததில்லை" என்று இன்றும் சொல்பவர் வேண்டுமென்றே மிகைப்படுத்தவில்லை. அந்த ஏமாற்றம் நடந்த நாள்தான் அவர் மனத்தில் பதிந்து நிற்கிறது.

அடுத்து, ஊகம். மறைந்திருப்பவர் இருவர் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி. அந்தக் கணக்கில் ஒரு சுற்றுக்கு மந்திரி சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது 400, திருடனும் 400, சிப்பாய் எந்தக் கவலையும் இன்றி 500. மந்திரிப் பட்டத்தைவிடச் சிப்பாய்ச் சீட்டு நல்லது என்பது நாங்கள் ஆடும்போது யாரும் கவனிக்காத உண்மை. முகத்தைப் படிக்கத் தெரிந்தால் மந்திரியின் நிலை உயரும் அல்லவா? உயரும், மிகக் கொஞ்சம். பொய்யைக் கண்டறியும் மனிதத் திறன் பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வுகளை சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் ஒன்றுசேர்த்து அலசினார்கள். ஏறத்தாழ 24,000 பேரின் தீர்ப்புகள். உண்மையா பொய்யா என்று அவர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 விழுக்காடு. நாணயம் சுண்டுவதைவிட நான்கு புள்ளி மட்டுமே அதிகம். அந்தத் திறனோடு ஆடும் மந்திரிக்குச் சுற்றுக்கு 432 கிடைக்கும், திருடனுக்கு 368. சிப்பாயை அப்போதும் எட்ட முடியாது.

வகுப்புத் தோழர்கள் அந்த ஆய்வின் அந்நியர்களைப் போன்றவர்கள் அல்லர் என்று நீங்கள் வாதிடலாம். ஒருவன் திருடனானால் காதைச் சொறிவான், இன்னொருவள் சிப்பாயாக இருக்கும்போதும் வேண்டுமென்றே திருட்டு முழி முழிப்பாள் என்று நமக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆட்டத்தின் சுவை இந்த இரண்டாவது மாடியில்தான் இருக்கிறது. ஒருவர் என்ன நினைக்கிறார் என்பதை நான்கு, ஐந்து வயதில் பிள்ளைகள் ஊகிக்கத் தொடங்குகிறார்கள். ஒருவர் நினைப்பதாக இன்னொருவர் என்ன நினைக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் சில ஆண்டுகள் வேண்டும். யோசெஃப் பெர்னரும் ஹைன்ஸ் விம்மரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், இடம் மாறிச் சென்ற ஐஸ்கிரீம் வண்டியைப் பற்றிய கதையைச் சொல்லி இதைச் சோதித்தார்கள். ஆறேழு வயதில்தான் அந்த இரண்டடுக்கு யோசனை கைகூடத் தொடங்குவதாகக் கண்டார்கள். முதல் வகுப்புத் தம்பியைச் சேர்த்துக்கொண்டால் சீட்டைப் பார்த்ததுமே சிரித்துவிடுவானே, அதன் காரணம் இதுதான். மூன்றாம், நான்காம் வகுப்பில் ஆட்டம் சூடுபிடிப்பதும் இதனால்தான்.

சிப்பாயின் நிலையை இன்னும் சற்று யோசித்துப் பாருங்கள். அவருடைய 500 எப்படியும் உறுதி. ஆனால் அவர் எப்படி முழிக்கிறார் என்பது மந்திரியின் முடிவை மாற்றும். ஆகவே கடைசிச் சுற்றுகளில் புத்திசாலிச் சிப்பாய் நோட்டில் யார் முன்னால் இருக்கிறார் என்று பார்ப்பார். மந்திரி தனக்கு மேலே இருந்தால் திருடனைப் போல நடிப்பார். திருடன் மேலே இருந்தால் அப்பாவி முகத்தோடு இருப்பார். இந்த ஒரு நகர்வுக்குள் ஆட்டக் கோட்பாட்டின் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. மறைந்திருக்கும் பாத்திரத்தைப் பேச்சாலும் முகத்தாலும் ஊகிக்கும் இந்த வகை ஆட்டத்துக்கு உலகம் முழுக்க இன்று பெரிய மவுசு. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த டிமிட்ரி டேவிடாஃப் 1986-இல் உருவாக்கிய மாஃபியா ஆட்டம் அந்தக் குடும்பத்தில் பெயர் பெற்றது.

இனி பியாஜே. அவர் ஜெனீவாவிலும் நூஷாட்டெலிலும் தெருவில் கோலி ஆடும் பையன்களோடு உட்கார்ந்து, எனக்கு விதிகளைச் சொல்லிக் கொடு என்று கேட்டார். பிறகு, இந்த விதியை மாற்றலாமா, இது எங்கிருந்து வந்தது என்று தூண்டித் துருவினார். சின்னப் பிள்ளைகளுக்கு விதி புனிதமானது. பெரியவர்களோ கடவுளோ ஆதியில் வகுத்தது, தொடக் கூடாது. அப்படிச் சொன்ன அதே பிள்ளைகள் ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். பத்து, பதினொரு வயதை எட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. விதி நாமாக ஒப்புக்கொண்டது, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று புரிகிறது. அப்போதுதான் விதிகளை நுணுக்கமாகப் பின்பற்றவும் செய்கிறார்கள். அந்த வயதில் விதி பற்றிய விவாதத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு தனி ருசி வந்துவிடுகிறது.

ராஜா மந்திரி ஆட்டத்தின் உச்ச வயதும் அதுதான். ஒவ்வொரு இடைவேளையிலும் யாராவது ஒரு விதியைக் கேள்வி கேட்பார்கள். மந்திரி மாற்றிச் சொல்லலாமா, ராஜா கண்ணடிக்கலாமா, சீட்டைத் திறப்பதற்கு முன் மாற்றிக்கொள்ளலாமா? பதில் சொல்ல, விதியை மனத்திலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படி எடுத்துச் சொல்வது நினைவை எவ்வளவு பலப்படுத்துகிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து, திரும்பப் படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. சண்டை போட்ட விதிகளை மறக்காமல் இருப்பதும், யாரும் எதிர்க்காத விதிகள் சுவடின்றிப் போவதும் இதனோடு நன்றாகப் பொருந்துகின்றன. சண்டைக்கு வந்தவை அடிக்கடி மனத்திலிருந்து எடுத்துப் பேசப்பட்டவை.

மாட்டுங்காத் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வீட்டில் தமிழ். வகுப்பில் ஆங்கிலம். படிக்கட்டிலும் பெஞ்சிலும் பம்பாய் இந்தி, கூடவே மராத்தியும் குஜராத்தியும். இந்த ஆட்டம் இந்தியில் நடந்தது. அதைத் தமிழில் விவரிக்கச் சொன்னால் பலருக்குத் தடுமாறும். இதற்கும் ஆய்வு உண்டு. வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் 2000-இல், ரஷ்ய மொழி பேசி வளர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இருமொழி மாணவர்களைப் பேட்டி கண்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழி பேசிய நாட்களின் நினைவுகள் கூடுதலாக வந்தன. ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலத்தில் வாழ்ந்த நாட்களின் நினைவுகள். ஒரு நிகழ்ச்சி எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியே அதைத் திறக்க உதவுகிறது. ஆகவே செம்பூரிலோ முலுந்திலோ குடியேறிவிட்ட பழைய மாட்டுங்காக்காரரிடம் "விதிகள் என்ன?" என்று கேட்பதைவிட, "மேரா மந்த்ரி கோன்?" என்று கேளுங்கள். பதில் வாயில் தானாக வந்து விழும். அதற்கடுத்த வரியும் வரும். தாளமும் வரிசையும் கொண்ட சொற்கள் ஒன்றையொன்று இழுத்துவரும் என்பதை டேவிட் ரூபின் வாய்மொழி மரபுகள் பற்றி 1995-இல் எழுதிய நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஒரு சொல் மாறினால் ஓசை இடறும். அதனால் மாறாமல் நிற்கிறது. மதிப்பெண்ணுக்கு அந்தக் காவல் இல்லை.

விதி நினைவில்லாதவருக்கும், இன்னொருவர் சொல்லக் கேட்டதும் "ஆமாம், அதேதான்" என்று பளிச்சிடும். எடுத்துச் சொல்வதும் அடையாளம் காண்பதும் வெவ்வேறு திறன்கள். ஹாரி பாரிக்கும் அவரோடு பணியாற்றியவர்களும் 1975-இல் 392 பேரைக் கொண்டு, உயர்நிலைப் பள்ளித் தோழர்கள் எந்த அளவுக்கு நினைவில் இருக்கிறார்கள் என்று சோதித்தார்கள். படத்தைக் காட்டினால், பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களும் பத்துக்கு ஒன்பது முகங்களை அடையாளம் கண்டார்கள். பெயர்களைத் தாமாகச் சொல்லச் சொன்னால் மிகச் சிலவே வந்தன. எதிரே உட்கார்ந்து திருட்டு முழி முழித்த முகம் இன்றும் நினைவிருக்கிறது என்று நீங்கள் சொன்னால் நான் நம்புவேன்.

ஆனால் "ஆமாம், அதேதான்" என்ற பளிச்சில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. பழைய மாணவர் கூடுகையில் உரத்த குரலுடைய ஒருவர் "900 தான்" என்று ஆரம்பித்தால், பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் 900 தான் நினைவிருக்கும். ரோடிகரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2001-இல் இதை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்திக் காட்டினார்கள். கூட இருப்பவர் தவறாகச் சொன்ன பொருள்களைத் தாமே பார்த்ததாக மற்றவர்கள் பிறகு எழுதினார்கள். இன்னொரு பக்கம், சேர்ந்து நினைவுகூரும் குழு, தனித்தனியே எழுதியவர்களின் பட்டியல்களைச் சேர்த்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறது என்று மேரி சூசன் வெல்டனும் கே. டி. பெல்லிஞ்சரும் 1997-இல் காட்டினார்கள். ஒருவர் பேசும் வரிசை இன்னொருவரின் தேடலைக் குலைத்துவிடுகிறது. கூடிப் பேசினால் எல்லாம் ஞாபகம் வந்துவிடும் என்ற நம் நம்பிக்கைக்கு நேர் எதிரான முடிவு இது.

இங்கிலாந்தைச் சேர்ந்த அயோனா ஓப்பி, பீட்டர் ஓப்பி தம்பதி 70 பள்ளிகளில் சுமார் 5,000 பிள்ளைகளிடமிருந்து வாய்மொழிகளையும் வழக்கங்களையும் சேகரித்து 1959-இல் பெரிய நூலாக்கினார்கள். அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களிடமே கேட்டார்கள். அதனால் அந்த நூலுக்கு அவ்வளவு மதிப்பு. மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளின் மழைக்கால ஆட்டங்களும் அதே அக்கறைக்கு உரியவை. பல மொழிகள் ஒரு பெஞ்சில் கலந்த அந்த வடிவங்கள் வேறெங்கும் கிடைக்காது. அவற்றை ஆடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மாட்டுங்கா, தாராவி, செம்பூர், வடாலா என்று எந்தப் பள்ளியில் படித்தவராக இருந்தாலும் இதைச் செய்யுங்கள். தோழர்களிடம் பேசுவதற்கு முன், தனியாக உட்கார்ந்து உங்கள் வகுப்பின் விதிகளை ஒரு தாளில் எழுதுங்கள். சீட்டு எத்தனை, யார் தேடுவார், தவறினால் மதிப்பெண் யாருக்கு, எந்தச் சொல்லை எந்த மொழியில் சொன்னீர்கள், எந்த ஆண்டு, எந்த வகுப்பு. மற்றவர்களையும் அப்படியே தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு தாள்களை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு சுற்றின் மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள். மொத்தம் மாறாமல் நிற்கிறதா, திருடனுக்கு ஒளிய ஒரு காரணம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒத்துவராத தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அது பக்கத்து வகுப்பின் விதியாக இருக்கலாம். எல்லாவற்றையும் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.